சின்னவள் மேட்டுத் தும்பை

நவம்பர் 2, 1936. கல்லறைத் திருநாள்.

ஐப்பசி மழைக்குப் பிறகு எங்கள் சின்ன மகளின் கல்லறை மேடு முழுக்கத் தும்பை பூத்திருந்தது. தேனீக்கள் மொய்ப்பதைப் பார்த்துக்கொண்டு என் மனைவி அன்னம்மா தினமும் அங்கே உட்கார்ந்திருப்பாள். அந்த நேரம் மட்டும்தான் அழமாட்டாள்.

இன்று சாயங்காலம் நாங்கள் இருவரும் போனால் மேட்டில் ஒரு செடிகூட இல்லை. சேத்தூரிலிருந்து மதியமே வந்த என் தம்பி எல்லாவற்றையும் செதுக்கிவிட்டுச் சுண்ணாம்பு அடித்திருந்தான்.

"களையா மண்டிக் கிடந்துச்சுண்ணே. பளிச்சுன்னு ஆக்கிட்டேன்," என்றான். உடம்பெல்லாம் வேர்வை. அவனை என்ன சொல்ல?

"நல்லாயிருக்குலே," என்றேன்.

அன்னம்மா மதில் பக்கம் நடந்தாள். சுவரோரம் குவித்திருந்த செடிகளில் பூவோடு ஒரு பிடியை எடுத்து வந்து, மேட்டுக்கு நேரே நீட்டிக்கொண்டு நின்றாள். பக்கத்தில் நான் மெழுகுவர்த்தியோடு நின்றேன்.

இருட்டிவிட்டால் தேனீ வராது. அதை அவளிடம் எப்படிச் சொல்வது?