இரும்பு: போதுமானது

ஜூலை 8
அக்காவின் கடலைக் காட்டுக்குப் போனேன். ஐம்பது நாள் பயிர், சோகை பிடித்து நிற்கிறது. மாமா மறுபடியும் யூரியா போட்டிருக்கிறார். மஞ்சளைக் கண்டால் யூரியா, அவருக்குத் தெரிந்த ஒரே வைத்தியம்.
"அடி இலை மஞ்சளா, குருத்து மஞ்சளான்னு பாத்தீங்களா?"
"மஞ்சள்ல என்ன மாப்ள அடி, நுனி?"
இருபது வருஷமாக விவசாயியாம்! குருத்துதான் வெளுத்திருக்கிறது, நரம்பு மட்டும் பச்சை. இரும்புச்சத்துக் குறை. மண் பரிசோதனைக் கூடத்தில் பதினோரு வருஷம் குப்பை கொட்டுகிறேன், இதுகூடத் தெரியாதா எனக்கு?

ஜூலை 9
உரக்கடைக்காரனை வாங்கு வாங்கென்று வாங்கினேன். யூரியா மூட்டையைத் தலையில் கட்டத் தெரிகிறது, இலையைப் பார்க்கத் தெரியவில்லை!
"நான் அன்னைக்கே இரும்புச்சத்துக்கு அன்னபேதி உப்பு தெளிக்கச் சொன்னேன் சார். மண் பரிசோதனைக் கார்டுல இரும்பு போதுமானதுன்னு போட்டிருக்கு, ஏமாத்தாதேன்னு உங்க மாமாதான் விரட்டிட்டாரு."
எந்த முட்டாள் எழுதிய கார்டு?

ஜூலை 10
கார்டைப் பார்த்தேன். கீழே என் கையெழுத்து.

ஜூலை 11
ஞாபகம் வந்துவிட்டது. இந்த மண்ணைச் சோதித்த அன்று, இரும்பை அளக்கிற வழக்கமான கரைசல் தீர்ந்துபோயிருந்தது. "அமிலத்துலயே கரைச்சு எழுதிடுப்பா" என்றார் அதிகாரி. எழுதினேன். அமிலம், சுண்ணாம்பு மண்ணில் பூட்டிக் கிடக்கிற இரும்பையும் கரைத்துக் கணக்கில் சேர்த்துவிடும். வேர் என்ன அமிலமா வச்சிருக்கு? அமிலம் பட்டதும் குடுவையில நுரை பொங்கி மேசையெல்லாம் வழிஞ்சுது. சுண்ணாம்பு அப்படிக் கத்திச் சொல்லியும் நான் என்ன பண்ணேன்? துணியால துடைச்சிட்டு கையெழுத்துப் போட்டேன். பெரிய நிபுணன் — தூ!

ஜூலை 12
அன்னபேதியை எலுமிச்சைச் சாறு விட்டுக் கரைத்து, நானே இலையில் தெளித்தேன். மாமா குடம் குடமாகத் தண்ணீர் சுமந்தார். உண்மையைச் சொல்ல வாய் வரவில்லை.

ஜூலை 22
இரண்டாம் முறையும் தெளித்தாயிற்று. குருத்து பச்சை கட்டுகிறது. மாமாவிடம் சொல்லிவிட வேண்டும். அடுத்த வாரம்.

செப்டம்பர் 3
அறுவடை. செடியெல்லாம் பச்சை, காய்தான் இல்லை. பூக்கிற நாளில் வெளுத்துக் கிடந்தது, எங்கிருந்து காய்க்கும்? அக்கா பிடுங்கிய செடியில் மூன்று காய், அதில் ஒன்று பொக்கு. அவள் அடுத்த செடியைப் பிடுங்கப் போனாள்.
பக்கத்துக் காட்டுக்காரர், கார்டு எப்படித் தப்பானது என்று கேட்டார். மாமா முந்திக்கொண்டார்: "மண்ணை நான்தான் தப்பான இடத்துல எடுத்துக் குடுத்திருக்கேன். மாப்ள என்ன செய்வான்? அவன் தெளிச்சதாலதான் இதாவது தேறிச்சு. இல்லையா மாப்ள?"
தலையாட்டினேன்.