அடுப்படியில் பத்தொன்பது வாக்காளர்கள் இருந்தபோது பள்ளி நிதி வெட்டப்பட்டது குறித்து

அனுப்புநர்:
திருமதி ஹெஸ்டர் ட்ராஸ்க்,
ஊர்க் கூட்டச் சமையல் பொறுப்பாளர் (பதினோரு ஆண்டுகளாக),
பழைய ஆலைச் சாலை,
ஈஸ்ட் ஹார்மன், வெர்மான்ட்.

பெறுநர்:
திரு. தோர்ன்டன் பீஸ்லி அவர்கள்,
தலைவர், ஊர் ஆட்சிக்குழு,
ஈஸ்ட் ஹார்மன்.

பொருள்: மார்ச் 4 செவ்வாய்க்கிழமை ஊர்க் கூட்டத்தில் ஐந்தாம் தீர்மானம் (பள்ளி நிதி) மதிய உணவுக்கு முன்பே அவசர அவசரமாக எடுக்கப்பட்டது, மறுவாக்கெடுப்பு கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. ஆண்டுக்கு ஒருமுறை இந்த ஊர் கூடித் தன் வரியையும் செலவையும் கை தூக்கி முடிவு செய்கிறது. அன்று மதியம் அனைவருக்கும் பீன்ஸும் பன்றித்தொடையும் கோஸ் சாலடும் போடுவது பள்ளிப் பிள்ளைகளின் பெற்றோர். அதில் சேரும் காசில்தான் ஆறாம் வகுப்பு சுற்றுலா போகிறது. நாங்கள் கூட்ட மண்டபத்துக்குக் கீழே, அடித்தளச் சமையலறையில் அடுப்போடு மல்லுக்கட்டுவோம் என்பதால், பள்ளித் தீர்மானத்தைச் சாப்பாட்டுக்குப் பிறகு எடுப்பதே இங்கு வழக்கம். இது எந்தச் சட்டப் புத்தகத்திலும் இல்லை. மரியாதை தெரிந்தவர்களுக்கு எழுதி வைக்கத் தேவையிருக்கவில்லை. தாங்கள் தலைவராகும்வரை.

2. அன்று பதினொன்றே முக்காலுக்குத் தாங்கள் எழுந்து, "பனி வர்றதுக்குள்ள எல்லாரும் வீடு போய்ச் சேரணும்ல, அஞ்சாவத இப்பவே முடிச்சுடுவோம்" என்று சொன்னதாகக் கூட்டக் குறிப்பிலேயே இருக்கிறது. அன்று பனி பெய்யவில்லை. மறுநாளும் பெய்யவில்லை. தங்கள் அக்கறைக்கு வானம் கொஞ்சம்கூட ஒத்துழைக்கவில்லை என்பதை வருத்தத்துடன் தெரிவித்துக்கொள்கிறேன்.

3. அந்த நேரத்தில் அடித்தளத்தில் வாக்குரிமை உள்ளவர்கள் பத்தொன்பது பேர் இருந்தோம். பன்னிரண்டு மணிக்கு, மேலே மண்டபத்தில் "ஆமா!" என்று ஒரு கூச்சல் கேட்டது. சாப்பாட்டுக்குக் கலைகிறார்கள் என்று நினைத்து, பக்கத்தில் நின்ற ஆல்டா ஃபிஃபீல்ட், "பசி முத்திப் போச்சுடி, சீக்கிரம் தட்ட எடு!" என்று கத்தினார். நாங்களும் விழுந்தடித்துப் பரிமாறினோம். எங்கள் பிள்ளைகளின் பள்ளி நிதியில் அறுபத்தெட்டாயிரம் டாலரை வெட்டிவிட்டு வந்து வரிசையில் நின்றவர்களுக்கு ஆளுக்கு இரண்டு கரண்டி தாராளமாகவே போட்டிருக்கிறோம்.

4. கை எண்ணியதில் வெட்டுக்கு ஆதரவு நாற்பத்தாறு, எதிர்ப்பு முப்பத்தொன்பது. வித்தியாசம் ஏழு. கீழே இருந்தவர்கள் பத்தொன்பது பேர். இதற்கு மேல் தங்களுக்குக் கணக்குச் சொல்லித்தர எனக்குப் பொறுமை இல்லை. அந்த வேலைக்கு நம் பள்ளியில் இன்னும் ஆள் இருக்கிறார்கள்.

5. அந்த வெட்டுத் திருத்தத்தைக் கொண்டுவந்தவர் திரு. வெண்டல் ட்ராஸ்க். அவர் என் கணவர். யாரோ சொல்லித் தங்களுக்குத் தெரிவதைவிட நானே சொல்வது மேல். அன்று வரிசையில் வந்து தட்டை நீட்டி, "இன்னொரு கரண்டி போடு ஹெஸ்டர், வரியக் கொறச்சுட்டு வந்திருக்கேன்!" என்றார். எதைக் குறைத்தீர்கள் என்று கேட்டேன். "மொத்தத்துல ஒரு தொகைதான். மேலிடத்து ஆபீஸ்ல வெட்டிக்குவாங்க" என்றார். கூட்டத்தில் தொகையை மட்டும்தான் வெட்ட முடியும். எது போகும் என்பதைப் பிறகு பள்ளிக் குழுதான் முடிவு செய்யும். கை தூக்கிய நாற்பத்தாறு பேரில் ஒருவருக்கும் அதைக் கேட்கத் தோன்றவில்லை. மேடையில் இருந்த தங்களுக்கு அது நன்றாகவே தெரியும். தாங்கள் வாயைத் திறக்கவில்லை.

6. வரி எங்களையும் நசுக்குகிறது என்பதை மறைக்க வரவில்லை. நகரத்துக்காரர் ஒருவர் பனிச்சறுக்குக்கு வந்து போக, பக்கத்துக் கொட்டகையை வாய்க்கு வந்த விலைக்கு வாங்கினார். அதனால் ஒழுகும் கூரையோடு எங்கள் வீடும் மாளிகை ஆகிவிட்டது. வரி மதிப்பீட்டுக்கு வந்த மகானுபாவர் விறகுக் கொட்டிலைக்கூட அறை என்று எழுதிக்கொண்டு போனார். வெண்டல் இரண்டு குளிர்காலமாக வேலைக்கு மேல் வேலை பார்க்கிறார். அவருடைய கோபம் நியாயமானது. அந்தக் கோபத்தைப் பிள்ளைகள் பக்கம் திருப்பிவிட்டது தங்கள் சாமர்த்தியம். தங்களுடைய நாற்பது ஏக்கர் விவசாய நிலம் என்று பதிவாகி, பெயருக்கு வரி கட்டுகிறது. அதில் இதுவரை மேய்ந்தது தங்கள் புல்வெட்டும் இயந்திரம் மட்டுமே. அலுவலக வாசலில் ஊர்ப் பெயர் பொறித்த புதுக் கருங்கல் பலகை வேறு. ஊர்ப் பெயர் தெரியாமல் இங்கே யாரும் அழுததாக நான் கேள்விப்படவில்லை. இவற்றில் கை வைக்க ஒரு திருத்தம் வந்திருந்தால், கரண்டியை எறிந்துவிட்டு மேலே ஓடி வந்து முதல் ஆளாகக் கை தூக்கியிருப்பேன்.

7. மார்ச் 11 அன்று பள்ளிக் குழு கூடி, வாசிப்பு ஆசிரியை மிஸ் கொரின் லபார்ஜின் பணியிடத்தை ஜூன் மாதத்தோடு நீக்கியது. எழுத்துகள் கண்ணில் நிற்காத பிள்ளைகளைத் தனியே உட்காரவைத்துப் படிக்கக் கற்றுத்தருபவர் அவர் ஒருவர்தான். அப்படிப்பட்ட பதினான்கு பிள்ளைகளில் எங்கள் மகள் நெல்லும் ஒருத்தி. எட்டு வயது. கிறிஸ்துமஸ்வரை தன் பெயரைத் தவிர எதையும் படிக்க மாட்டாள். புத்தகத்தைப் பார்த்தாலே வயிற்றுவலி வந்துவிடும். மிஸ் லபார்ஜை மலைக்கு அந்தப்பக்கத்து ஊர்ப் பள்ளி கூப்பிட்டிருக்கிறது. ஏப்ரல் 30-க்குள் அவர் பதில் சொல்ல வேண்டும். போய்விட்டால் திரும்ப மாட்டார். அவரைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை.

8. சென்ற சனிக்கிழமை தபால் நிலையக் கதவில் பள்ளிக் குழுவின் அறிவிப்பு ஒட்டியிருந்தது. வெண்டல் உள்ளே தபால் வாங்கிக்கொண்டிருந்தார். நெல் கதவருகே நின்று விரலை வைத்து அதைச் சத்தமாகப் படிக்க ஆரம்பித்தாள். நான் உதவவில்லை. இரண்டு இடத்தில் தடுமாறினாள், திரும்பிப் போய் மறுபடி படித்தாள். மிஸ் லபார்ஜின் பெயர் வந்ததும் நிறுத்தி என்னைப் பார்த்தாள். பிறகு கடைசி வரிவரை படித்து முடித்தாள். யாருடைய துணையும் இல்லாமல் என் மகள் முதன்முதலாக முழுசாகப் படித்தது அந்தத் தாளைத்தான். வெண்டல் தபாலோடு எங்கள் பின்னால் நின்றிருந்தார்.

9. ஆகவே, வாக்காளரில் இருபதில் ஒருவர் கையெழுத்திட்டுக் கேட்டால் மறுவாக்கெடுப்பு நடத்தியே ஆக வேண்டும் என்ற சட்டப்படி இம்மனுவை அளிக்கிறேன். தேவை முப்பத்திரண்டு. இணைத்திருப்பது நூற்றுப் பதினெட்டு. ஏப்ரல் 26 சனிக்கிழமை சிறப்புக் கூட்டம் கூட்ட வேண்டும். அதற்கு முப்பது நாள் முன்னறிவிப்பு தேவை என்பதால், வரும் புதன்கிழமைக்குள் அறிவிப்பு தபால் நிலையக் கதவில் ஒட்டப்பட வேண்டும். பசை இல்லை, ஆள் இல்லை, குழு கூடவில்லை என்ற கதைகள் வேண்டாம். தாங்கள் தள்ளிப்போட்டால் வியாழக்கிழமை காலை நூற்றுப் பதினெட்டு பேரும் தங்கள் வாசலில் நிற்போம் என்பதைப் பணிவுடன் தெரிவித்துக்கொள்கிறேன்.

இதுவரை இந்த ஊருக்குத் தாங்கள் ஆற்றிய சேவைக்கு நன்றி சொல்ல வேண்டிய இடம் இது. மனம் வரவில்லை. மன்னிக்கவும்.

நாள்: மார்ச் 21
இடம்: ஈஸ்ட் ஹார்மன்

இப்படிக்கு,
ஹெஸ்டர் ட்ராஸ்க்

இணைப்பு: கையெழுத்துத் தாள்கள் ஆறு. தாங்கள் சரிபார்க்கும்போது ஐயம் வரக்கூடும் என்பதால் ஒன்றை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். ஆறாம் தாளில் நூற்றுப் பதினெட்டாவதாக இருப்பது என் கணவர் வெண்டல் ட்ராஸ்கின் கையெழுத்தேதான். நான் கேட்கவில்லை. நேற்றுக் காலை நான் எழுந்து வந்தபோது, சமையல் மேசையில் இருந்த தாளில் போட்டுவிட்டு வேலைக்குப் போயிருந்தார்.