திருப்பிக் கொடுத்த நாற்பது புடவை

1996 டிசம்பர் 12, வியாழன்.

காலையிலிருந்து இருந்த படபடப்பு இப்போதுதான் அடங்கியிருக்கிறது. ஓட்டுக்குப் புடவை கொடுத்து ஜெயித்தேன் என்று என்னிடம் தோற்றவர் போட்ட மனுவுக்கு இன்று உத்திரமேரூரில் விசாரணை. நிரூபணமானால் என் பஞ்சாயத்துத் தலைவர் பதவியே போகும்.

"நாற்பது புடவை வாங்கினது யாரும்மா?" என்று தேர்தல் அதிகாரி கேட்டார். பக்கத்தில் என் கணவர் தரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எங்க வூட்டுக்காரர்தான் சார். எனக்குத் தெரியாம வாங்கிட்டாரு. தெரிஞ்ச அன்னிக்கே கடையில திருப்பிக் குடுத்துட்டேன்" என்றேன்.

ஜவுளிக்கடை பாய் யாரும் கூப்பிடாமலே பில் புத்தகத்தோடு வந்திருந்தார். "மூட்டைக் கயிறுகூட அவுக்கல சார். கடை வாசல்லியே இந்தம்மா வூட்டுக்காரர திட்டி பேஜார் பண்ணிட்டாங்க" என்றார். அதிகாரி சிரித்துவிட்டார். பில்லைச் சரிபார்த்து, மனுவைத் தள்ளுபடி செய்து கையெழுத்துப் போட்டார்.

பஸ்ஸில் ஊர் திரும்பினோம். மானாம்பதியில் இறங்கியதும் என் கணவர், "நீ இன்னா சொல்லுவியோன்னு பயந்துகினே இருந்தேன். நெசத்த சொன்னதே நல்லதா போச்சு" என்றார்.

அன்றைக்கு அந்த மூட்டை என் கண்ணில் படாமல் இருந்திருந்தால்... வேண்டாம். அடுப்படியிலிருந்து என் கணவர் கூப்பிடுகிறார். தோசை ஊற்றியிருக்கிறாராம். ஆறுவதற்குள் போகணும்.