நைனாவின் முதுகில் இருந்த வட்டங்கள்

நைனா,

இன்று சாயங்காலம் எதிர்வீட்டு அத்தைக்கு கிளாஸ் வைத்தேன். நடவுக்குக் குனிந்தவரால் நிமிர முடியவில்லை. இரண்டு பேர் தாங்கிக்கொண்டு வந்தார்கள். செப்புக் காசைத் துணியில் முடிந்து, நுனியை நல்லெண்ணெயில் நனைத்துக் கொளுத்தினேன். பிடிப்பு இருந்த இடத்தில் அதை வைத்துக் கண்ணாடி கிளாஸைக் கவிழ்த்ததும் சுடர் அணைந்தது. தோல் மெல்ல உள்ளே எழும்பியது. கருகிய துணியும் எண்ணெயும் கலந்த அந்த வாசனை வந்தபோது எனக்கு உன் முதுகுதான் தெரிந்தது.

அம்மா இறந்த வருஷம் நான் பள்ளிக்கூடத்தை விட்டேன். சமையலோடு இதுவும் என் வேலையானது. பொன்னேரி ரைஸ் மில்லில் மூட்டை சுமந்துவிட்டு வந்து நீ குப்புறப் படுப்பாய். நான் கட்டைவிரலால் அழுத்திக்கொண்டே போவேன். வலிக்கிற இடம் வந்தால் நீ சொல்லமாட்டாய், உன் மூச்சு நிற்கும். அங்கே வைப்பேன்; சில நாளைக்குக் கருத்த வட்டம் நிற்கும். எடுக்கும்போது விளிம்போரம் விரலால் அழுத்தினால் காற்று புகுந்து 'பொத்' என்று சத்தம் வரும்.

"இந்த கிளாஸ்கூட வாயத் தொறந்து ஒரு வார்த்த பேசுது. நீ எப்பம்மா பேசப் போற?" என்பாய். யாராவது வந்தால் கதவுக்குப் பின்னால் போய் நிற்பவள் நான். உன் கேள்விக்கும் தலையைத்தான் ஆட்டுவேன்.

கும்மிடிப்பூண்டியில் புதிதாகக் கட்டிய ஒரு இரும்புக் கம்பெனியில் டாக்டரை வைத்துப் பார்த்து ஆள் எடுப்பதாகச் செய்தி வந்தது. மாசச் சம்பளம், ஞாயிற்றுக்கிழமை லீவு. உன் முதுகு இன்னும் எத்தனை நாள் மூட்டைக்குத் தாங்கும் என்று நீ ஒருநாளும் பேசியதில்லை. ஆனால் அன்று சாப்பாட்டைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்துபோய் சட்டையைத் துவைத்துப் போட்டாய்.

"டாக்டரு முன்னாடி வளஞ்சி நிக்கக் கூடாதும்மா. நல்லா இழுத்து வையி."

போவதற்கு முதல் நாள் சாயங்காலம் தோளிலிருந்து இடுப்பு வரை வைத்தேன். காலையில் தந்திக் கம்பம் மாதிரி நேராக எழுந்து நின்றாய். அங்கே சட்டையைக் கழற்றச் சொல்வார்கள் என்று உனக்கும் தோன்றவில்லை, எனக்கும் தோன்றவில்லை.

வழியில் முதுகு பிடித்துக்கொண்டால் என்ன செய்வது என்று நானும் கூழ்த் தூக்கோடு ரயில் ஏறினேன். ஆள் எடுத்த ஷெட்டுக்கு வெளியே ஜன்னலோரம் நின்றேன். வரிசையில் எல்லோரும் வெற்றுடம்போடு நின்றார்கள். உன் முறை வந்து நீ திரும்பியதும் கம்பவுண்டர் இரண்டடி பின்னால் போனார்.

"இன்னாய்யா இது, வட்டம் வட்டமா கருத்துகினு கீது? தொத்து வியாதியா?"

வரிசை விலகியது. அதில் நம் தெருக்காரர்களும் இருந்தார்கள். "பெருவியாதியா இருக்கும்பா" என்று ஒருவர் சொன்னது ஜன்னல் வரைக்கும் கேட்டது. டாக்டர் மட்டும் பதறவில்லை. "தோலு வியாதின்னா வைத்தியம் பண்ணிக்கோ. அடுத்த மாசம் வா, பாக்கலாம்" என்றார்.

அடுத்த மாதம் அந்த வட்டங்களே இருக்காது. நீ ஆமாம் என்று தலையை ஆட்டியிருந்தால் போதும், வேலைக்கு இன்னொரு வழி இருந்தது. நீ ஜன்னல் பக்கம் என்னைப் பார்த்தாய். பிறகு வரிசைக்கெல்லாம் கேட்கிற மாதிரி சொன்னாய்.

"வியாதி இல்ல சார். முதுகு புடிப்பு. எம் பொண்ணு கிளாஸ் வச்சா."

டாக்டர் உன்னைக் குனியச் சொன்னார், நிமிரச் சொன்னார். பாதியிலேயே போதும் என்றார். "இந்த முதுக வச்சிகினு இரும்பு தூக்க முடியாதுப்பா."

ஸ்டேஷன் பெஞ்சில் கூழைக் குடித்தோம். அன்றைக்குத்தான் நானாக வாய் திறந்து உன்னிடம் கேட்டேன், ஏன் நைனா சொன்னே என்று.

"முதுகு வலி என்னோட போயிடும். பெருவியாதின்னு அவன் சொன்ன வார்த்த நம்ம ஊட்டாண்ட வந்து குந்திக்கும்மா. அப்புறம் உன்ன எவன் கேட்டு வருவான்?"

கொஞ்சம் கழித்து எழுந்து நின்று காட்டினாய். "பாரு, இன்னும் நேராத்தான் நிக்கிறேன். அவ்ளோ நல்லா இழுத்துக்கீறே" என்று சிரித்தாய். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

மறுநாள் மில்லுக்குப் போனாய். அதற்கப்புறமும் போய்க்கொண்டேதான் இருந்தாய். ஐப்பசி மழையில் காய்ச்சல் கண்டு படுத்தாய். நெஞ்சில் சளி கட்டியது. ஆஸ்பத்திரி மருந்தைக் குடித்துவிட்டு, முதுகை மட்டும் கொஞ்சம் இழுத்துவிடச் சொன்னாய். வைத்தேன். அந்த வட்டங்கள் மறைவதற்குள் நீ போய்விட்டாய்.

வாசலில் உன்னைக் குளிப்பாட்டத் திருப்பினார்கள். தண்ணீர் ஊற்றிய பெரியவரின் கை நின்றது.

"இன்னாபா இது? இன்னா சீக்குல போனான் இவன்?"

பெண்கள் பக்கம் அழுகை தாழ்ந்தது. எல்லோரும் உன் முதுகைப் பார்த்தார்கள். கதவுக்குப் பின்னாலிருந்து வெளியே வந்தேன்.

"சீக்கு இல்ல. நைனாவுக்கு முதுகு புடிப்பு. நான்தான் கிளாஸ் வச்சேன்."

என் குரல் எனக்கே புதிதாக இருந்தது. பெரியவர் என்னை ஒருமுறை பார்த்தார். பிறகு குடத்தைக் கீழே வைத்துவிட்டு, வெறுங்கையால் உன் முதுகைத் தேய்த்துக் குளிப்பாட்டினார்.

இன்று அத்தையின் முதுகில் கிளாஸை எடுத்ததும் அவருடைய மருமகள் அந்தக் கருப்பைப் பார்த்துப் பயந்துபோனாள். முன்பென்றால் நான் கிளாஸைக் கழுவுகிற சாக்கில் உள்ளே போயிருப்பேன்.

"ஒரு வாரத்துல போயிடும். யாராச்சும் இன்னா இதுன்னு கேட்டா, எம் பேரச் சொல்லுக்கா" என்றேன்.