வளையம் வளையமா விழுந்த பாகு

அன்புள்ள அக்காவுக்கு,

உன்னை நான் பாத்ததில்லை. உன் புருஷனுக்கு வாக்கப்பட்டு, உன் மகளுக்குத் தலை சீவி விட்டுக்கிட்டு, உன் அடுப்படியில உக்காந்து இதை எழுதுறேன். ஆர்.எஸ்.மங்கலம் கண்மாய் இந்த வருஷம் நிறைஞ்சிருச்சு. அவுக வயலுக்குப் போயிருக்காக. கயல் ரெண்டாப்பு படிக்கிறா. நீ போறப்ப நடை பழகுற பிள்ளையாமே?

நேத்து உனக்குச் சேலைப் படையல். மூத்தவளுக்குப் படைச்சுக் கும்பிட்டுத்தான் இளையவ புதுச்சேலை கட்டணுமாம். நல்லா இருக்கு வழக்கம்! அரக்குக் கலர், உனக்குப் பிடிக்கும்னு அவுகளே எடுத்துட்டு வந்தாக. எனக்கு எந்தக் கலர் பிடிக்கும்னு அவுகளுக்கு இன்னும் தெரியாது.

அதிரசத்துக்குக் கருப்பட்டிப் பாகு காய்ச்சினேன். படையலுக்குப் போக மிச்சத்தைக் கயலுக்குத் தட்டுல ஊத்துனேன். பாம்பன்காரி எனக்கு மீன் குழம்பு கைவந்தது, பாகு வசப்படாது. சூட்டோட ஊத்துனேனா, தண்ணியாப் பரவிருச்சு. கயல் உதட்டைப் பிதுக்கினா. "எங்கம்மா ஊத்துனா வளையம் வளையமா விழும்."

வாசப்படியில நின்னு அவுக வேற ஒத்து ஊதுறாக. "ஆமா, அவ கைவாகு அப்படி."

எனக்குப் பத்திக்கிட்டு வந்துச்சு அக்கா. செத்தவளோட போட்டி போட்டு யாரு ஜெயிக்க முடியும்? நீ இனிமே ஒருநாளும் பாகைக் கருக விடப் போறதில்லையே!

விட்டேனா நான்? கொஞ்சம் ஆறவிட்டுக் கரண்டியோட அகல வாயால ஊத்துனேன். நாடா மாதிரி இப்படியும் அப்படியும் மடிஞ்சு விழுந்துச்சு. நுனியால ஒழுகவிட்டு ரொம்ப உசத்துனேன். நூலா மெலிஞ்சு, சன்னல் காத்துல ஆடி, தட்டுக்கு வெளிய போயிருச்சு. பிறகு நடுவாந்திரமாப் பிடிச்சேன். அட, கயிறு சுத்தி வச்ச மாதிரி ஒண்ணு மேல ஒண்ணா ஏறுச்சு! என் கை அசையவே இல்லை, அதுவாச் சுத்துது. அப்ப இத்தனை நாளா உன் கைவாகுன்னு பீத்தினதெல்லாம் கரண்டி உசரமும் பாகு இறுக்கமும்தானா?

முதல்ல ஊத்துன தட்டுல ஆடை படிஞ்சிருந்துச்சு. கயல் விரலால தள்ளினா, கொசுவம் கொசுவமாச் சுருங்குச்சு. இழுத்தா, சுருக்கம் போயி மெலிசா நீண்டுச்சு. விரலை நக்கிக்கிட்டே கேட்டா, "சித்தி, எங்கம்மாவும் இப்படித்தான் ஊத்துமா?"

"உனக்குத்தான் தெரியுமேடி."

"அது அப்பா சொன்னது. எனக்கு அம்மாவ ஞாபகமே இல்ல."

ஒரு நொடி எனக்கு நெஞ்சு குளுந்து போச்சு, பொய் சொல்லல. நான் வாயை மூடிக்கிட்டு இருந்தாப் போதும், இந்தப் பிள்ளைக்கு நீ வெறும் போட்டோதான். ஆனா அவ என் மூஞ்சியையே பாத்துக்கிட்டு நின்னா. பாழாப்போன வாய், என்னைக் கேக்காமச் சொல்லிருச்சு. "இதைவிட அழகா ஊத்துவா உங்கம்மா."

"இன்னும் சொல்லு சித்தி"ன்னு மடியில ஏறி உக்காந்துட்டா. இந்த வீட்டுக்கு வந்து எத்தனை நாள் அந்த மடியைத் தட்டித் தட்டிக் கூப்பிட்டிருப்பேன்! நேத்துத்தான் வந்தா. அதுவும் உன்னைக் கேக்கத்தான் வந்தா.

பொறாமை போகல அக்கா, போகவும் செய்யாது. ஆனாலும் அவ கேக்குறப்பெல்லாம் உன்னைப் பத்திச் சொல்லுவேன். எனக்குத் தெரியாததை, வயிறு எரிஞ்சாலும், அவுககிட்டயே கேட்டு வந்து சொல்லுவேன். மடியை விட்டு அவ எறங்கிறக் கூடாது பாரு.

இப்படிக்கு,
உன் மகளுக்குச் சித்தி,
உனக்குத் தங்கச்சி.