கெசியாவுக்காக ஒரு ஜெபக்குறிப்பு

மார்ச் 8, 2025, சனி

காலை ஷிப்ட். பஸ்ஸில் ஏசி சரியில்லை. ஏறியவர்கள் எல்லாரும் டிரைவரான என்னைத்தான் முறைத்தார்கள், வெயிலை நான் ஏற்பாடு செய்ததுபோல. வீட்டுக்கு வந்து மீன் குழம்பு வைத்தேன். புளி தூக்கல். மகள் கெசியா முகம் சுளிக்காமல் சாப்பிட்டாள். தட்டைக் கழுவும்போது, திரும்பாமலே சொன்னாள்:

"அப்பா, நாளைக்கு நான் சர்ச்சுக்கு வரல. அம்மா இறந்து போனதுலேர்ந்து என்னால ஜெபம் பண்ண முடியல. வாயைத் திறந்தா கோபம்தான் வருது. உங்ககிட்ட மட்டும்தான் சொல்றேன்."

"சரிம்மா" என்றேன். செகண்டரி டூவோடு படிப்பை நிறுத்திய மூளைக்கு அதற்கு மேல் ஓடவில்லை.

மார்ச் 9, ஞாயிறு

சபைக்குத் தனியாகப் போனேன். ஜெயசீலி அக்கா, "மக எங்க தம்பி?" என்றார். காய்ச்சல் என்று பொய் சொல்ல மனம் வரவில்லை. வீட்டுக்கு வந்து சபையின் வாட்ஸ்அப் ஜெபக்குழுவில் போட்டேன்: 'என் மகள் விசுவாசத்தில் சோர்ந்து, ஜெபிக்க முடியாமல் இருக்கிறாள். பாரத்தோடு ஜெபியுங்கள்.'

இருமல் வந்தால்கூட நாங்கள் அங்கேதான் போடுவோம். கைகூப்பிய படங்கள் வந்து குவிந்தன. நிம்மதியாகத் தூங்கப் போகிறேன்.

மார்ச் 11, செவ்வாய்

ஜெயசீலி அக்கா கெசியாவுக்கு நீளமாக வாய்ஸ் மெசேஜ் அனுப்பியிருக்கிறார், ஆபீஸ் நேரத்தில். இன்னொருவர், 'இது பிசாசின் தந்திரம், உன் அம்மாவை நினைத்துப் பார்' என்று எழுதியிருக்கிறார். உபவாச ஜெபத்துக்கு வேறு அழைப்பு.

"உங்ககிட்ட மட்டும்னு சொன்னேன்லப்பா?"

"ஜெபம் பண்ணத்தானேம்மா சொன்னேன்..."

"கடவுள்கிட்ட சொல்றதுக்கு எதுக்குப்பா இத்தனை பேரு?"



மார்ச் 15, சனி

சிங்கப்பூரின் கிழக்குக் கோடியில், தெம்பனீசில் தோழி ரக்ஷனாவோடு அறை எடுத்துவிட்டாள். மேற்கே எங்கள் சுவா சூ காங்கிலிருந்து அதைவிடத் தூரம் போனால் கடல்தான். பையைத் தூக்கிக்கொண்டு கீழே வரை போனேன். "சாப்பாடு?" என்றேன். "அங்கயும் சோறு கிடைக்கும்பா."

என்னை நம்பி எத்தனை பேர் பஸ்ஸில் ஏறுகிறார்கள். வீட்டில் நம்பிய ஒருத்தியைப் பாதியில் இறக்கிவிட்டேன்.

மார்ச் 16, ஞாயிறு

வீட்டில் ஃபிரிட்ஜ் மட்டும் பேசுகிறது.

மார்ச் 20, வியாழன்

டெப்போ கேண்டீனில் சக டிரைவர் ஜாஃபர், "என்னண்ணே, டீயைக் குடிக்காம ஆத்திக்கிட்டே இருக்கீங்க?" என்றான். எல்லாவற்றையும் சொன்னேன். சொல்லி முடித்த பிறகுதான் உறைத்தது, இவனிடமும் சொல்லிவிட்டேன். என் வாய்க்கு பிரேக் போட எந்த மெக்கானிக்காலும் முடியாது.

"நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்ணே. நீங்க இதையும் குரூப்ல போட்றாதீங்க லா."

மார்ச் 23, ஞாயிறு

முழங்காலில் நின்றேன். ஆண்டவரே, அவளைத் திருப்பிக் கொண்டுவாரும் என்று ஆரம்பித்து, யார் மூலமாக, எந்த வழியாக, ஈஸ்டருக்கு முன்னால் முடிந்தால் நல்லது என்று போய்க்கொண்டே இருந்தேன். டிரைவர் புத்தி. அவருக்கே ரூட் போட்டுக் கொடுக்கிறேன்.

சொல்ல ஒன்றும் மிச்சமில்லாமல் ஆன பிறகு மனதில் ஒன்று வந்தது. குரல் எல்லாம் இல்லை. யாரிடம் சொன்னாயோ, அவர்கள் முன்பே போய்த் தப்பு என்று சொல்.

சபையிலயா? எல்லார் முன்னாடியுமா? வேற ஏதாச்சும் சொல்லுமே ஆண்டவரே, லெந்து நாட்கள் முழுக்கப் பட்டினி கிடக்கச் சொன்னாலும் கிடக்கிறேன்...

மார்ச் 30, ஞாயிறு

சபையில் சாட்சி சொல்லும் நேரத்தில் எழுந்தேன். "மக என்னை நம்பிச் சொன்னதை நான் உங்க எல்லாருக்கும் சொல்லிட்டேன். அது அவளோடது. நான் பண்ணது தப்பு. தயவுசெஞ்சு அவளுக்கு யாரும் எழுதாதீங்க. ஜெபிக்கிறதா இருந்தா எனக்காக ஜெபிங்க."

ஒரு அல்லேலூயாகூட வரவில்லை. வாசலில் ஜெயசீலி அக்கா பிடித்துக்கொண்டார்.

"பெத்த பிள்ளையை அப்படியே விட்டுருவீங்களா தம்பி?"

"விடலக்கா. அவர் கையில விட்டிருக்கேன்."

சொல்லும்போது தைரியமாகத்தான் இருந்தது. ரயிலில் வரும்போது இல்லை.

கெசியாவுக்கு மன்னிப்புக் கேட்டு எழுதினேன். படித்துவிட்டாள். பதில் இல்லை.

ஏப்ரல் 6, ஞாயிறு

இன்னொரு செய்தி எழுதினேன். அழித்தேன். மறுபடி எழுதினேன், அழித்தேன். கீழ்ப்படிவது என்றால் ஏதாவது செய்வது என்று நினைத்திருந்தேன். சும்மா இருப்பது இத்தனை பாடா?

ஏப்ரல் 20, ஈஸ்டர்

ஆராதனை முடிந்து தேக்கா சந்தையில் ஆட்டிறைச்சி வாங்கினேன். ஒரு ஆளுக்குச் சமைக்கும் அளவு இன்னும் கைக்கு வரவில்லை. இந்த வாரம் முழுக்க பிரியாணிதான்.

உயிர்த்தெழுந்தார் என்று சபையில் சத்தமாகச் சொன்னேன். வீட்டில் ஒருமுறை மெதுவாகச் சொல்லிப் பார்த்தேன்.

மே 4, ஞாயிறு

மத்தியானம் மணி அடித்தது. கெசியா. சாவி வைத்திருப்பவள் மணி அடிக்கிறாள்.

சாப்பிட்டாள். "சாம்பார்ல உப்பே இல்லப்பா" என்றாள். இத்தனை நாளில் இவ்வளவு இனிப்பாக ஒன்று கேட்டதில்லை.

"ஜெயசீலி ஆன்ட்டி மக சொன்னா. எழுந்து நின்னீங்களாமே."

"ம்."

"கால் நடுங்குச்சாமே."

"அதையும் சொல்லிட்டாங்களா?"

சிரித்துவிட்டாள். சர்ச்சுக்கு வருவாயா என்று நாக்கு நுனி வரை வந்தது. சோற்றோடு விழுங்கினேன்.

சாயங்காலம் தெம்பனீசுக்குக் கிளம்பினாள். எம்ஆர்டி ரயில் நிலையம் வரை கூடப் போனேன். உள்ளே போகுமுன் நின்று ஒரு விஷயம் சொன்னாள்.

"என்னால இன்னும் கடவுள்கிட்ட கேட்க முடியலப்பா. எனக்காக நீங்க கேளுங்க. நீங்க மட்டும்."

வந்ததும் கேட்டேன். என்னவென்று இங்கேகூட எழுதப்போவதில்லை.