கொழுந்து மலையில் விழுந்த வால்சிறகு

அனுப்புநர்:
செ. மு. லாபிர்,
தகர வேலைக் கடை,
பிரதான வீதி, ஹற்றன்.

பெறுநர்:
தலைவர் அவர்கள்,
விமான விபத்து விசாரணைப் பிரிவு,
கொழும்பு.

விடயம்: 1959 ஓகஸ்ட் விபத்தில் விமானி மீது சுமத்திய பிழையை நீக்கக் கோருதலும், நான் மறைத்த பொருளை ஒப்படைத்தலும்.

கனம் பொருந்திய ஐயா,

1. நோட்டன் பிரிட்ஜ் ஊருக்கு மேலே மூடுபனியில் விழுந்து எரிந்த சிறு விமானத்தைத் தாங்கள் அறிவீர்கள். விமானியும் பயணிகள் இருவரும் இறந்தனர். விமானி கவனமின்றித் தாழப் பறந்ததே காரணம் என்று தங்கள் பிரிவு முடிவு செய்ததாகப் பத்திரிகையில் படித்தேன். அது தவறு என்பதை அன்றே அறிந்தும் வாய் மூடியிருந்தவன் நான்.

2. விபத்தன்று மாலை, தங்கள் அதிகாரிகள் வருமுன், தோட்டத் தொழிலாளி அழகுமுத்து ஓர் அலுமினிய வால்சிறகை என் கடைக்குச் சுமந்து வந்தார். “லாபிர் நானா, இது எரிஞ்ச எடத்துல கெடக்கல. ஒரு மைலுக்கு இங்கிட்டு, நாங்க கொழுந்து பறிக்கிற மலையில கெடந்துச்சு. இது விழுந்த பொறவுதான் அங்க வெடிச்ச சத்தம் கேட்டுச்சு” என்றார்.

3. சிறகின் தகட்டை வெட்டிப் புனல்களும் கூரைத் தண்ணீர்ப் பீலிகளும் செய்து விற்றுவிட்டேன். சிறகை வாலோடு பிணைத்த துண்டு மட்டும் சட்டி அலுமினியம்போல் சுத்தியலுக்கு மடியவில்லை, ஒதுக்கி வைத்தேன். அது உடைந்த முகத்தில் பாதி கறுத்து, வளையம் வளையமாக மெல்லிய கோடுகள் உள்ளன. மீதி புதிதாகப் பளபளக்கிறது. தேயிலைத் தொழிற்சாலை ரோலரின் அச்சுகள் இப்படி உடைந்து வரக் கண்டிருக்கிறேன். பல நாள் உள்ளுக்குள் வளர்ந்த வெடிப்பு அது. இத்துண்டில் போல்ட் துளை போடும்போது கருவி விட்ட கீறலில் அது தொடங்குகிறது. அன்று சிறகு வானிலேயே முறிந்த பின் விமானியின் கையில் ஒன்றுமில்லை.

4. “பொலிசுல சொல்லிரலாமா நானா?” என்று அழகுமுத்து கேட்டார். “போனா நம்ம ரெண்டு பேரையும்தான் புடிப்பாங்க. வாயத் தொறக்காத” என்று தடுத்தவன் நானே.

5. சென்ற வருடம் விமானியின் மனைவி அந்த இடத்தைப் பார்க்க வந்தார். மழைக்கு என் கடையில் ஒதுங்கினார். “மூடுபனியைக் கண்டால் திரும்பி வந்துவிடுவாரே” என்று சிங்களத்தில் சொல்லி அழுதார். துண்டு என் பட்டறை மேசைக்கடியில் இருந்தது. நான் வழியை மட்டும் காட்டி அனுப்பினேன். அதன்பின் எனக்கு நிம்மதியில்லை.

6. கடந்த தை மாதம் தங்கள் அலுவலகத்துக்கு எல்லாம் எழுதினேன். கோப்பு மூடப்பட்டது என ஒரு வரியில் பதில் வந்தது. துண்டை அனுப்பு என்றுகூட யாரும் கேட்கவில்லை. என் புகார் இதுவே. முழுச் சிறகையும் அன்றே கொடுத்திருந்தால் இந்த நிலை வந்திராது என்பதையும் மறுக்கமாட்டேன்.

7. ஆகவே துண்டைப் பதிவுத் தபாலில் இத்துடன் அனுப்புகிறேன். உலோகம் அறிந்தவரிடம் காட்டுங்கள். அதே வகை விமானங்கள் இன்னும் இம்மலைகள்மேல் பறக்கின்றன; அவற்றின் வால் துளைகளையும் சோதிக்கச் செய்யுங்கள். அழகுமுத்து சாட்சி சொல்ல இசைந்துள்ளார். இந்த நாட்டின் பிரஜாவுரிமை இல்லாதவர், அவருக்குத் துன்பம் வராமல் காக்க வேண்டுகிறேன். வழக்கு உண்டெனில் அது என்மேல் மட்டும் இருக்கட்டும்.

விமானி பிழை செய்யவில்லை என்று அந்த அம்மையாருக்கு எழுத்தில் அறிவியுங்கள். அவர் முகவரியை நான் கேட்டு வைக்கவில்லை. கேட்கும் துணிவு அன்று எனக்கு இருக்கவில்லை.

ஹற்றன்,
12.06.1961

தன் பிழையை ஒப்புக்கொள்ளும்,
செ. மு. லாபிர்